பட்டறைத் தூசி

சென்ற கோடை விடுமுறையில், நம் ஆலயத்து இருக்கைகளைத் தேய்த்து மறுபடி மெருகூட்டுவதென்று பங்குப் பேரவை முடிவு செய்தது. அவை அனைத்தும் தேக்கு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மக்கள் அமர்ந்தும் சாய்ந்தும் பழகியவை. மேற்பூச்சு கருத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. வேலைக்கு வந்தவர்கள் நம் பங்கைச் சேர்ந்த முதிய தச்சர் ஒருவரும், அவருடைய தங்கை மகனும். அந்த இளைஞன் புதிதாக வாங்கிய மின்தேய்ப்பான் ஒன்றைப் பெருமையோடு கொண்டு வந்திருந்தான். உப்புத்தாளைக் கையில் பிடித்து ஒரு பகல் முழுதும் தேய்க்க வேண்டிய இருக்கையை இந்தக் கருவி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் என்றான். உண்மைதான், முடித்தும் காட்டினான்.

தவறு செய்தவன் நான். தூசி பறந்து ஆலயத்துக்குள் சுரூபங்களின்மீது படியுமே என்றெண்ணி, பங்கு மன்றத்தினுள் வேலையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அத்தோடு நில்லாமல், அடுத்திருக்கும் பள்ளிக்குத் தொல்லை வேண்டாமென்று சன்னல்களையும் சாத்தச் சொன்னேன். மாலையில் சென்று பார்த்தபோது மன்றத்தினுள் மார்கழிப் பனி இறங்கியதுபோல் இருந்தது. மேற்கூரையில் எரிந்த விளக்கு மங்கலான மஞ்சள் உருண்டையாகத் தெரிந்தது. முதியவர் துண்டால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருந்தார். அவருடைய புருவமும் மீசையும் தேக்கின் நிறம் கொண்டிருந்தன.

“மேஸ்திரி, தூசி மிகுதியாக இருக்கிறதே!” என்றேன்.

“மரத்தூள்தானே சாமி! நாற்பது வருஷமாக இதைத் தின்றுதானே வளர்ந்திருக்கிறேன்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மறுநாள் காலை, விடுமுறை மறைக்கல்வி வகுப்பிற்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்களே என்று, பெண்கள் இருவர் துடைப்பத்தை எடுத்து மன்றத்தைப் பெருக்கத் தொடங்கினார்கள். பெருக்கப் பெருக்கத் தூசி எழுந்தது. அவ்வேளையில் அங்கு வந்தவர், நம் பங்கில் பிறந்து வெளியூரில் மருத்துவராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர். முதலில் பெருக்குவதை நிறுத்தச் சொன்னார். பின்னர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். “எந்த மரம் சாமி? எத்தனை நாள் வேலை? பழைய பெயிண்ட் அடித்த பொருள் எதையாவது இதோடு சேர்த்துத் தேய்த்தார்களா?”

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும்போதுதான் எனக்கு அச்சம் பிறந்தது. ஆம், கருவிதான் வந்திருக்கிறதே என்று, மன்றத்தின் பழைய கதவுகள் இரண்டையும் முன்தினமே தேய்த்திருந்தார்கள். பச்சை வண்ணக் கதவுகள். எந்த ஆண்டில் வண்ணம் பூசியவை என்பது ஒருவருக்கும் தெரியாது.

அன்று முதல் அந்த மருத்துவரிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நம் வாசகர் குடும்பங்களில் தச்சர்கள் உண்டு; வண்ணம் பூசுவோர், கொத்தனார், கல் பதிப்போர் உண்டு. ஏனையோர் வீட்டுக் கதவுக்கு மெருகு போட இவர்களை அழைப்பவர்கள். இரு சாராருக்கும் இதில் செய்தி இருக்கிறது.

சுருளும் தூளும்

இழைப்புளி ஓடும்போது மரம் சுருள்சுருளாக உரிகிறது. அச்சுருள் கனமானது, காலடியிலேயே விழுந்து கிடக்கும், மாலையில் அள்ளி அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். மின்தேய்ப்பானோ சுருள் தருவதில்லை. இவ்வகைக் கருவிகளுள் பல நிமிடத்திற்குப் பத்தாயிரம் முறைக்கும் மேலாகச் சுழன்று அதிர்பவை. மரத்தின் மேற்பரப்பை அவை மாவாக்குகின்றன. தாள் எவ்வளவு நயமானதோ அவ்வளவு நயமாக மாவும் அமைகிறது. இறுதி மெருகுக்காக நயமான தாளைப் போட்டுத் தேய்க்கும் நேரத்தில் தூசி குறைவென்று நாம் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரிவதுதான் குறைவு.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கின் பெயர் மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நான்கைந்து மைக்ரானுக்குக் குறைந்ததோ நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று சேரும். அவ்வளவு சிறிய துகள் கருவியை நிறுத்தியவுடன் கீழே விழுந்துவிடாது. அடைத்த அறையில் மணிக்கணக்காக மிதக்கும். சன்னல் வழியே ஒரு கதிர் விழும்போது அதில் மின்னி ஆடுவனவற்றைப் பார்த்திருப்பீர்கள். கதிர் விழாத இடத்திலும் அவை இருக்கின்றன.

மரத்தூளில் எடையளவில் பெரும்பகுதி மூக்கில் தங்கக்கூடிய பெருந்துகளே. இதைக் கேட்டவுடன் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. மூக்குதானே, சிந்திவிட்டால் போகிறது என்று நினைத்தேன். அந்த ஆறுதல் நீடிக்கவில்லை.

நாற்காலி செய்த ஊர்

தொழிலால் வரும் நோய்களைப் பற்றி முதன்முதலாக விரிவான நூல் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி. அந்நூல் 1700ஆம் ஆண்டு மோதனா நகரில் வெளிவந்தது. கல் செதுக்குவோர், தானியம் புடைப்போர், குயவர், கொல்லர் எனப் பல தொழிலாளரை அவர் பட்டறைக்கே சென்று பார்த்து எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் நம் மருத்துவமனைகளில் அக்கேள்வி கேட்கப்படுவது அரிதாகவே இருக்கிறது.

அக்கேள்வியைக் கேட்டதால் ஓர் உண்மை வெளிப்பட்ட ஊர் இங்கிலாந்தின் ஹை வைக்கம். இலண்டனுக்கு வடமேற்கே உள்ள ஊர் அது. சுற்றிலும் பீச் மரக் காடுகள். ஆதலால் தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்வதே அவ்வூரின் தொழிலாயிருந்தது. 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராயிருந்தவர் எஸ்மி ஹாட்பீல்டு என்னும் பெண்மணி. மூக்கின் உட்குழிகளில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் பொதுமக்களிடையே மிக மிக அரிதானது. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் ஓரிருவரைக் கண்டாலே மிகுதி. ஹாட்பீல்டு அம்மையாரிடமோ ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வந்தவர்களின் தொழிலைப் பார்த்தால், மரப்பொருள் பட்டறையில் உழைத்தவர்களே மிகுந்திருந்தார்கள். அவரும், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டொனால்டு ஆச்செசன் முதலியோரும் கூடி ஆராய்ந்து, 1968இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மரவேலை செய்தோரிடையே இந்நோய் மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. அடுத்த ஆண்டே, 1969இல், அந்நாட்டரசு அதனை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது.

இதில் என்னை உலுக்கியது ஒன்றுண்டு. தூசியைச் சுவாசிக்கத் தொடங்கியதற்கும் நோய் தோன்றியதற்கும் இடையே பலருக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. “நாற்பது வருஷமாகத் தின்றேனே, என்ன ஆகிவிட்டது?” என்ற நம் மேஸ்திரியின் கேள்வி அன்று எனக்கு வேடிக்கையாகத் தோன்றியது. இப்போது அவ்வாறு தோன்றவில்லை.

உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதனால் இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று பொருளாகாது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அப்பிரிவு காட்டுகிறது. தீமையின் அளவைக் காட்டுவதில்லை. ஆகவே ஒருநாள் கதவு தேய்த்தவர் நடுங்க வேண்டியதில்லை. நாள்தோறும் தேய்ப்பவரைப் பற்றியே என் கவலை.

எவ்வளவு தூசி வரை பொறுக்கலாம்? ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல், கடின மரத்தூளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. இந்த எண்ணை நம் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். வேலை செய்யும் ஒருவர் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழப் பத்துக் கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அவ்வாறாயின் அவர் சுவாசிக்கத்தக்க தூளின் உச்ச அளவு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடை அவ்வளவே. நம் மன்றத்தில் மேஸ்திரியின் மீசையில் மட்டுமே அதற்கு மேல் இருந்திருக்கும்.

புற்றுநோய் அரிது. ஆனால் தோல் அரிப்பும் ஆஸ்துமாவும் அரிதல்ல. தேக்கு, ஈட்டி, இலங்கையில் முதிரை எனப்படும் மரம் ஆகியவற்றின் தூள் சிலருடைய தோலைத் தடிக்கச் செய்யும். அவற்றில் இயற்கையாயுள்ள வேதிப்பொருள்களே காரணம். பூச்சியை அண்டவிடாமல் மரத்தைக் காக்கும் பொருளே தச்சனின் கையைப் பதம் பார்க்கிறது. ஆஸ்துமாவுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஞாயிறன்றும் விடுமுறையிலும் மூச்சு சீராயிருந்து, வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகுமாயின், மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இக்காலத்தில் பெருகிவிட்ட எம்.டி.எஃப். பலகையின் தூளில் மரத்தோடு ஒட்டுப்பசையும் கலந்திருக்கிறது. விலை மலிவென்று அதனை அறைக்குள் அறுப்பதும் தேய்ப்பதும் வழக்கமாகிவிட்டன.

பழைய பச்சைக் கதவு

இனி அந்தக் கதவுகளின் கதை. முற்காலத்து வண்ணங்களில் ஈயம் சேர்ப்பது பெருவழக்காயிருந்தது. வெள்ளைக்கு ஈய வெள்ளை. மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஈயக் குரோமேட். இரும்புக் கம்பிகளுக்கு அடிப்பூச்சாகச் செவ்வீயம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதியை நம் நாடு 2016இல் இயற்றி, 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பூசிய வண்ணம் எதுவாயினும் ஐயத்திற்குரியதே.

வண்ணம் கதவில் ஒட்டியிருக்கும் வரை தீங்கு குறைவு. மின்தேய்ப்பானை வைத்தவுடன் அது தூளாகி, தரையிலும் பாயிலும் பிள்ளைகளின் விரலிலும் படிகிறது. சிறு பிள்ளை எதையும் வாயில் வைக்கும் என்பதை அன்னையருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்குள் சென்ற ஈயம் எலும்பில் தங்கி, வளரும் மூளையைத் தாக்குகிறது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு இரத்தத்தில் எதுவுமே அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. கருவுற்ற தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்கும் அது செல்லும்.

நம் கதவிலிருந்து சுரண்டிய துகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினோம். ஈயம் உண்டு என்று முடிவு வந்தது. நல்ல வேளையாக, முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் அன்றே வகுப்பைப் புங்கமரத்தடிக்கு மாற்றச் செய்துவிட்டார். மன்றத்தை முகமூடி அணிந்தவர்கள் ஈரத் துணியால் மூன்று முறை துடைத்தார்கள். தண்ணீரை ஒவ்வொரு முறையும் மாற்றினார்கள். பாய்களை உதறாமல் நனைத்துக் கழுவினார்கள்.

பழைய வண்ணம் உரியாமல் திடமாக இருந்தால் அதைத் தேய்க்காமல், மேலேயே புது வண்ணம் பூசிவிடுவது மேல். உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து, கையால் சுரண்டுக. கீழே பிளாஸ்டிக் விரிப்பு இருக்கட்டும். சுரண்டியதை அதிலேயே சுருட்டிக் கட்டிவிடலாம். வண்ணத்தைத் தீயால் பொசுக்கி எடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஈயம் ஆவியாகி மூச்சில் ஏறும். அது வேண்டவே வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரமாகத் தேய்ப்பது கைக்கு மட்டுமே உரிய முறை. மின்சாரம் ஓடும் தேய்ப்பானும் தண்ணீரும் சேர்ந்தால் நோய்க்கு முன்பே உயிர் போய்விடும்.

கல்லும் சிமெண்டும் தனிக்கதை, சுருக்கமாகவே சொல்கிறேன். கிரானைட், காங்கிரீட் முதலியவற்றில் சிலிக்கா என்னும் படிகம் இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலில் தழும்பேற்றும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு இன்றுவரை குணமில்லை. காசநோய்க்கும் அது கதவு திறந்து வைக்கிறது. சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் இருக்கலாம். அதனை வெட்டித் தேய்த்த இளைஞர்கள் பலர் நோயுற்றதால் ஆஸ்திரேலியா 2024 சூலை முதல் நாளிலிருந்து அதைத் தடைசெய்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின்மீது எந்தத் தேய்ப்பானையும் வைக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

முகமூடி கடைசியில்

தற்காப்பு என்றவுடன் நாம் முகமூடியைத்தான் நினைக்கிறோம். மருத்துவரோ அதைக் கடைசியில் வைத்தார். முதற்கேள்வி, தேய்த்தே ஆக வேண்டுமா என்பது. இழைப்புளியால் முடிகிற வேலையை இழைப்புளியால் செய்க. அடுத்து, தூசி காற்றில் ஏறுமுன் அதைப் பிடிப்பது. தேய்ப்பானின் அடித்தட்டில் துளைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தாளின் துளைகளை அவற்றோடு சரியாகப் பொருத்தினால்தான் தூள் உள்ளே இழுபடும். நம் இளைஞன் துளையில்லாத் தாளை மலிவாக வாங்கி ஒட்டியிருந்தான்! கருவியோடு வரும் துணிப்பை பெருந்தூளை வாங்கி நுண்தூளைக் கசியவிடும். பையைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை மாட்டுவதே முறை. வீட்டுத் தரைக்கான சாதாரண உறிஞ்சி நுண்தூளைப் பின்புறமாக மீண்டும் அறைக்கே ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உடையதாக இருக்க வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் பத்தாயிரத்துக்கு 9,997ஐ அது நிறுத்தும்.

உறிஞ்சி இல்லையேல் திறந்த வெளிக்கு வாருங்கள். காற்று உங்கள் முதுகுப்புறத்திலிருந்து வீசுமாறு நில்லுங்கள். உள்ளே செய்வது தவிர்க்க முடியாததாயின், சன்னலில் மின்விசிறியை வெளிநோக்கி வைத்து, எதிர்ச் சன்னலைத் திறந்துவிடுங்கள். தலைக்கு மேல் விசிறியைச் சுழலவிடுவது கீழே படிந்ததையும் கிளப்பும். சாத்திய சன்னலைப் பற்றி நான் சொல்லத் தகுதியற்றவன்.

இவற்றுக்குப் பின்பே முகமூடி. தோள் துண்டு பெருந்தூளைத் தடுக்கும்; நுண்தூள் அதன் இழைகளுக்கிடையே தடையின்றி நடக்கும். 2020இல் கொரோனாவின்போது நாம் எல்லாரும் அறிந்துகொண்ட என்-95 வகை மரத்தூளுக்கு உதவும். நுண்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை நிறுத்தும் என்பதே அப்பெயரின் பொருள். ஈயத்துக்கும் சிலிக்காவுக்கும் மாற்று வடிகட்டி பொருத்திய இரப்பர் முகமூடி நல்லது. எதுவாயினும் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. இடைவெளி வழியே காற்று நுழையும்போது தூசியும் நுழையும். மூச்சிழுக்கக் கடினமாகிவிட்ட முகமூடியைத் தூக்கி எறியுங்கள். நாள் முழுதும் உழைத்தபின் முகமூடியைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தை எடுப்பவர், காத்ததையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் இழக்கிறார். காற்றுக் குழாயால் உடையை ஊதித் தட்டுவதும் அவ்வாறே. ஈரத் துணியோ உறிஞ்சியோதான் துப்புரவுக்கு ஏற்றது. வேலை உடையை மனைவியும் மக்களும் தம் உடைகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது. வேலை செய்யும் இடத்தில் தேநீர்க் குவளையைத் திறந்து வைக்கவும் கூடாது.

தூளுக்கு இன்னொரு குணம் உண்டு. விறகுக் கட்டையைக் கொளுத்த நேரமாகும். அதையே மாவாக்கிக் காற்றில் பரப்பினால் ஒரு பொறியில் வெடிக்கும். இங்கிலாந்தின் செஷயரில் போஸ்லி என்னும் ஊரிலிருந்த மரமா ஆலை 2015 சூலையில் வெடித்து நால்வர் மாண்டனர். சிறு பட்டறையில் அத்தகைய வெடிப்பு அரிது, தீ அரிதன்று. தேய்த்த தூள் நிறைந்த பையை இரவில் உள்ளே விட்டுச் செல்லாதீர்கள். மெருகுப் பூச்சின் எச்சம் கலந்த தூள் தானே சூடேறிப் புகையக்கூடும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டாலும் அவ்வாறே. விரித்துக் காயவைக்க வேண்டும்.

“இவ்வளவுக்கும் செலவு யார் தருவது?” என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான கேள்வி. கூலியைக் குறைத்துப் பேசி வேலையைப் பிடிக்கும் நிலையில் இருப்பவர் உறிஞ்சி வாங்குவாரா? வேலை சொல்பவர்தான் தர வேண்டும் என்பது என் கருத்து. பங்குப் பேரவையில் ஒருவர் முணுமுணுத்தார். ஆயினும் உறிஞ்சி ஒன்று பங்கின் பெயரில் வாங்கப்பட்டது. தச்சர், வண்ணம் பூசுவோர் எவர் கேட்டாலும் எடுத்துச் செல்லலாம். நீங்களும் உங்கள் வீட்டு வேலைக்கு மதிப்பீடு கேட்கும்போது, மரத்துக்கும் மெருகுக்கும் அடுத்து அதற்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மருத்துவரின் வற்புறுத்தலால் மேஸ்திரி மூச்சுப் பரிசோதனைக்குச் சென்றார். அவருடைய வயதுக்கு இருக்க வேண்டிய அளவைவிட மூச்சு குறைந்திருக்கிறது. தூசியா, இளமையில் பிடித்த பீடியா என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றார்கள். மூக்கையும் பார்த்தார்கள், அதில் குறையில்லை. ஆண்டுக்கொருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மருமகனைக் கூப்பிட்டு, “நாளைக்கு அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு வா” என்றார்.

அதில்தான் சிக்கல் எழுந்தது. அந்த இளைஞனுக்கு இரண்டாண்டுகளாக அருமையாக வளர்த்த தாடி. முகமூடி ஒட்டாது என்றதும் முகம் வாடிவிட்டது. ஒருவரும் வற்புறுத்தவில்லை. இருக்கைகளில் இன்னும் பதினொன்று மீதியிருந்தன. திங்கட்கிழமை காலை புங்கமரத்தடியில் உறிஞ்சியின் குழாயை மாட்டிக்கொண்டு நின்றவனை யாரோ புதிய ஆள் என்றெண்ணி, “எந்த ஊர் தம்பி?” என்று கேட்டுவிட்டேன். மழித்த முகத்தோடு வந்திருந்தான்.